மன்னாரில் தெரியாத குரல்

நாங்கள் செய்த பெட்டிக்கு முதல் விருந்தாளியாக வந்தது ஒரு கழுதை. மத்தியான வெயில் தாங்காமல் அது விறாந்தை நிழலுக்குள் தலையை நீட்ட, ஆள் வந்துவிட்டதென்று பெட்டியின் திரை விழித்துக்கொண்டது. "வணக்கம். தங்களுக்கு இன்றிரவு தங்குவதற்கு இடம் தேவைப்படுகிறதா?" என்று கேட்டது. கழுதை ஒரு காதைச் சாய்த்து முழுவதையும் கேட்டது. பதில் வராததால் பெட்டி திரும்பவும் கேட்டது. கழுதை அதையும் கேட்டது. சல்மா அக்கா உள்ளேயிருந்து விளக்குமாறோடு வந்த பிறகுதான் அது ஒழுங்கையில் இறங்கிப் போனது. அந்த வாரம் முழுவதும் பெட்டியின் முன்னால் அவ்வளவு பொறுமையாக வேறு எவரும் நிற்கவில்லை என்பதைச் சொல்ல எனக்கு இப்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின் ஒழுங்கையில் ஒரு தங்கிடம் இருக்கிறது. போக இடமில்லாதவர்கள் இரவில் வந்து படுத்து, குளித்து, சாப்பிட்டுப் போகலாம். ஊர்ப் பெண்கள் சிலர் சங்கமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். பொறுப்பாளர் உம்மு ஸல்மா, எங்களுக்கெல்லாம் சல்மா அக்கா. பெரிய மனசு, அதைவிடப் பெரிய குரல். வருகிறவர்களைப் பதிகிற வேலையை ஒரு தொடுதிரைப் பெட்டியிடம் விட்டுவிட வேண்டும் என்று என்னைத் தேடி வந்தவரும் அவர்தான். நானும் கீர்த்தனனும் பெரியகடைத் தெருப்பக்கம் ஓர் அறை எடுத்துக் கணினி வேலை செய்கிறோம். நான் திரையில் என்ன வரவேண்டும், எதற்குப் பின் எது கேட்கவேண்டும் என்று பார்ப்பேன். கீர்த்தனன் வயர், கம்பி, ஆணி. அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் ஹோட்டல்களுக்கும் கடைகளுக்கும்தான். அதனால் நான் சல்மா அக்காவிடம் முதலில் கேட்டது, ஆள் நீங்கள் இருக்கும்போது பெட்டி எதற்கு என்பது.

"எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, தனுசியா, நோய் மாதிரி," என்றார். "ஆக்களைக் கண்டா, எந்த ஊர், ஆரின்ர மகள் எண்டு வாயில வந்திடும். கேக்காட்டி எனக்கு அண்டைக்கு நித்திரை இல்லை. கேட்டா வந்தவை திரும்பிப் போயிடுறினம். உன்ர பெட்டிக்கு ஊர் உலகம் தெரியாதுதானே."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் உண்மை. எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்து ஐந்து நிமிடம் கதைத்தால் எப்படியாவது ஒரு சொந்தம் வந்துவிடும். பெரியம்மாவின் மச்சாளின் மகனாவது அகப்படுவான். கலியாண வீட்டில் அது நல்ல சந்தோஷம். ஆஸ்பத்திரியில் பெரிய உதவி. ஆனால் படுக்க இடமில்லை என்று ஒரு வாசலில் வந்து நிற்கிறவருக்கு அதைவிடக் கொடுமை இல்லை. நாளைக்கே எருக்கலம்பிட்டிக்கும் தாழ்வுபாட்டுக்கும் செய்தி போய்விடும். எல்லாரும் அறிந்த ஊரில் தெருவில் நிற்க நேர்வது பெரிய சங்கடம். அதற்கு பஸ் நிலையத்து வாங்குப் பலகையிலேயே படுத்துவிடலாம் என்றுதான் நினைப்பார்கள்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். தெரியும் என்றால், பின்னேரங்களில் வீட்டுக்குப் போக பஸ் ஏற வரும்போது பார்ப்பேன், அவ்வளவுதான். அறுபது தாண்டிய அம்மா. தலை எப்போதும் வாரியிருக்கும், சேலை கசங்கியிருக்காது, மடியில் ஒரு பயணப் பை. எங்கே போகிறீர்கள் என்று எவராவது கேட்டால், "வவுனியா பஸ்ஸுக்கு நிக்கிறன்," என்பார். வவுனியா பஸ் வரும், போகும். அவர் ஏறமாட்டார். காலையில் நான் வந்து இறங்கும்போது குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பார். கடலை விற்கிறவர்களும் நேரக்கணிப்பாளரும் அதை அறிந்தும் அறியாதவர்கள் மாதிரி, "இண்டைக்கும் பஸ் பிந்துது போல அம்மா," என்று சொல்லிப் போவார்கள். நாங்கள் அவரை வவுனியா அம்மா என்போம். சல்மா அக்கா ஒருமுறை போய்க் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிட்டதோடு விட்டாரா, பக்கத்தில் உட்கார்ந்து சொந்த ஊர் எது என்றும் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அக்காவைத் தூரத்தில் கண்டாலே அந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு தலைமன்னார் பஸ்கள் நிற்கிற பக்கம் போய்விடுவாராம்.

மாரி வரப்போகிறது. அந்த நிலையத்தின் கூரை எப்படி ஒழுகும் என்று எனக்குத் தெரியும். சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்த திட்டத்தில் பயனாளர்கள் என்றெல்லாம் பன்மையில் எழுதியிருந்தேன். உண்மையில் அந்தப் பெட்டியை நான் வரைந்ததெல்லாம் அந்த ஓர் அம்மாவை நினைத்துத்தான். அவர் நிற்கிற உயரத்துக்குத் திரை. அவர் கண்ணுக்கு எழுத்து. பக்கத்தில் போகிறவர் பார்க்காதபடி இரண்டு பக்கமும் பலகை மறைப்பு. மழை விழ முன் அவரை உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

எல்லாம் சரியாகச் செய்தேன், குரலில் கோட்டை விட்டேன்.

முதலில் போட்டது கணினிக் குரல். கழுதை கேட்டது அதைத்தான். மனிதர்கள் கேட்கவில்லை. கைபேசியில் காசு முடிந்தால் ஒரு பெண் வந்து சொல்லுவாளே, அவள்தான் இவள் என்று எல்லாரும் நினைத்தார்கள். பள்ளிமுனையில் இருந்து வந்த ஒரு பெரியவர், "தங்கச்சி, நான் போன் பாவிக்கிறதே இல்லை," என்று திரைக்கு விளக்கம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

சரி, ஊர்க் குரல் வேண்டும் என்று பஸ்மினாவிடம் போனேன். பெரியகடையில் துணிக்கடை வைத்திருக்கிற நஸாரின் மகள். மன்னாரிலேயே இனிமையான குரல் யாருடையது என்று கேட்டால் பத்துப் பேரும் அவளைத்தான் சொல்வார்கள். பெருநாளுக்கு மலிவு விற்பனை என்று முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போவதும், தொலைந்த பிள்ளை இங்கே இருக்கிறது, தாய் தகப்பன் வாருங்கள் என்று சொல்வதும் அவள் குரல்தான். பத்துப் பேரும் அவளைச் சொல்வார்கள் என்றால் பத்துப் பேருக்கும் அவளைத் தெரியும் என்று அர்த்தம். இந்தச் சின்னக் கணக்கு என் மண்டைக்குள் ஏறவில்லை.

பஸ்மினாவின் குரலைப் போட்ட அன்று மாலையே ஒரு பெண் வந்தாள். பெட்டி பேசத் தொடங்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "பஸ்மினா, உம்மாட்டச் சொல்லிப்போடாத," என்று திரையிடம் மெல்லச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அடுத்து வந்தவர் அதற்கு நேர்மாறு. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னதோடு, கேட்காததையும் கால் மணி நேரம் சொன்னார். நாலு நாளில் பஸ்மினா எங்கள் அறைக்கு வந்தாள்.

"அக்கா, எனக்கு இனி ஏலாது," என்றாள். "நேத்து ஒராள் கடைக்கு வந்து, தனக்குக் கட்டில் சரிவந்ததோ எண்டு கேக்கிறார். நான் என்ன கட்டில் எண்டன். அவர் சொல்றார், முந்தநாள் உன்னட்டத்தானே எல்லாம் சொன்னனான், சீனி வருத்தம் எண்டும் சொன்னனான், உனக்கு மறதியோ எண்டு. வாப்பா துணி வெட்டுறதை விட்டுட்டு என்னையே பாத்துக்கொண்டு நிக்கிறார்."

கீர்த்தனன் மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்து சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. யாரையும் தெரியாத ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். நான் ஊரையே தெரிந்தவளைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

பிறகு நாங்கள் குரல் தேடினோம். என் குரலைப் பதிந்து பார்த்தோம். "நீ கேட்டா அரசாங்கக் கந்தோரில கேக்கிற மாதிரிக் கிடக்கு," என்றான் கீர்த்தனன். அவன் அக்கா வங்கியில் வேலை, அவரை எல்லாருக்கும் தெரியும். கீரி என்ற ஊரில் ஓர் ஆசிரியை நன்றாகப் பேசுவார், அவரிடம் படிக்காதவர் குறைவு. வெளி மாவட்டத்தில் இருந்து எடுப்பிக்கலாம் என்றால், பேச்சின் இழுவை வேறு, வெளியாள் விசாரிக்கிறார் என்று பயப்படுவார்கள்.

"எங்கட பேச்சுப் பேசோணும், ஆனா ஒருத்தருக்கும் தெரியக்கூடாது," என்றார் சல்மா அக்கா. "அப்பிடி ஒரு குரல் மன்னாரில இல்லை, மகள். கடலுக்குள்ளதான் தேடோணும்."

அன்று பின்னேரம் முதல் மழை தூறியது. பஸ் நிலையத்தில் எல்லாரும் நடுவில் ஒதுங்கியதில் வவுனியா அம்மாவின் வாங்கிலேயே எனக்கு இடம் கிடைத்தது. இத்தனை மாதத்தில் அவ்வளவு கிட்ட இருந்ததில்லை. என்ன கதைப்பது என்று தெரியாமல் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பிள்ளையோடு ஓர் இளம் தாய் அவசரமாய் வந்து, பையையும் பிள்ளையையும் குடையையும் ஒன்றாகச் சமாளிக்கப் பார்த்தாள். பிள்ளை வீரிட்டது. அம்மா நிமிர்ந்தார்.

"பிள்ளையை என்னட்டத் தாங்கோவன்," என்றார். "நீங்கள் ஆறுதலா இருங்கோ. பால் குடிக்கிற நேரமோ?"

அவ்வளவுதான். நான் திரும்பிப் பார்த்தேன். தணிந்த, அவசரமில்லாத குரல். அதில் ஒரு சின்னக் கரகரப்பு. கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தோன்றும், சொல்லாவிட்டாலும் கோபிக்காது என்று தெரியும். அந்தத் தாயும் உடனே பிள்ளையை நீட்டிவிட்டாள். எங்கள் பேச்சு, அச்சாவான எங்கள் பேச்சு. வவுனியா பஸ்ஸுக்கு நிக்கிறன் என்ற ஒரு வசனத்தைத் தவிர இந்த ஊரில் எவரும் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

பிள்ளை திரும்பித் தாயிடம் போனபிறகு, பயந்து பயந்து சொன்னேன். "அம்மா, ஒரு வேலை இருக்கு. குரல் குடுக்கிற வேலை. ஒரு மெசினுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் வவுனியா பஸ்ஸுக்கு நிக்கிறன்."

"ஓம், தெரியும். நாளைக்குக் காலமை, பஸ்ஸுக்கு முன்னம் வந்தாப் போதும். செய்யிற வேலைக்குச் சம்பளம் தருவம்."

"எத்தினை கேள்வி கேப்பீங்கள்?"

"நாங்கள் ஒண்டும் கேக்கமாட்டம். நீங்கள்தான் கேக்கிறது."

அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். உதட்டின் ஒரு பக்கத்தில் சிரிப்பு வந்து போனது. "பஸ் வராட்டிப் பாப்பம்," என்றார்.

பஸ் வரவில்லை, அவர் வந்தார். தங்கிடத்தின் முன்வாசலால் வரவில்லை. வேலைக்கு வருகிறவர்கள் வருகிற பக்கக் கதவால், பையோடு வந்தார். சல்மா அக்காவிடம், ஒன்றும் கேட்கக்கூடாது என்று நான் முதல் நாளே சத்தியம் வாங்கி வைத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் தலையை ஆட்டிவிட்டு, குசினிக்குள் போய் ஒரு கடகம் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு வெங்காயம் அன்றைய சமையலுக்குத் தேவையே இல்லை.

களஞ்சிய அறையில் மெத்தைகளைச் சுற்றவர நிறுத்தி, சத்தம் வராமல் ஓர் இடம் செய்திருந்தோம். நான் சொல்லச் சொல்ல அவர் தன் பாட்டில் சொல்லிக்கொண்டு போனார். என் எழுத்தில் இருந்ததை அவர் அப்படியே சொல்லவில்லை. தங்குவதற்கு இடம் தேவைப்படுகிறதா என்பது, தங்க ஒரு இடம் வேணுமோ என்றானது. பெயரைக் கூற விரும்புகிறீர்களா என்பது, பேர் சொல்ல விருப்பமோ, விருப்பமில்லாட்டிப் பரவாயில்லை என்றானது. கீர்த்தனன் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே இருந்தான். ஒரே ஓர் இடத்தில் நின்றார். உங்களுக்கு வீடு இருக்கிறதா என்ற கேள்வி. சங்கத்தில் கட்டாயம் வேண்டும் என்று சொன்னது.

"இதை நான் கேக்கேலாது," என்றார்.

"ஏனம்மா?"

"நீங்கள் வேற ஆரையும் பிடியுங்கோ இதுக்கு."

நான் அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டேன். சங்கத்துக்குப் பிறகு பதில் சொல்லிக்கொள்ளலாம். அவர் எதுவும் நடக்காத மாதிரி அடுத்ததற்குப் போனார்.

தேநீர் குடிக்கும்போது, ஒருவரும் கேட்காமலே கொஞ்சம் கதைத்தார். கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல். இளவயதில் போனவராம். அந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரையும் தூக்கி வளர்த்தாராம். "அவை கனடா போட்டினம். போகேக்க நல்லா அழுதவை. பிறகு வீட்டையும் வித்துப்போட்டினம்," என்றார். மிச்சம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குசினிக்குள் கத்திச் சத்தம் நின்றுபோயிருந்தது. அக்கா காதைச் சுவரோடு வைத்துக்கொண்டிருந்தார் என்று பிறகு கீர்த்தனன் சொன்னான். அந்த அம்மாவுக்கும் அது விளங்கியிருக்கும். கோப்பையை வைத்துவிட்டு, "உள்ளுக்க ஆரோ கன நேரமா வெங்காயம் உரிக்கினம், கண் எரியப்போகுது," என்றார்.

பின்னேரம் எல்லாம் முடிந்து பெட்டிக்குள் ஏற்றியபோது வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சம்பளத்தைக் கையில் கொடுத்தோம். வாங்கிப் பைக்குள் வைத்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்போது நான்தான் சொன்னேன், ஒருக்கா நின்று பார்த்துவிட்டுப் போங்கள், சரியாய் வேலை செய்கிறதோ என்று நீங்கள்தானே பார்க்க வேண்டும் என்று. சத்தியமாய்ச் சொல்கிறேன், பாதி சோதனைக்காகத்தான் கூப்பிட்டேன். மற்றப் பாதியை நீங்களே விளங்கிக்கொள்வீர்கள்.

பக்கக் கதவால் வெளியே போய், முன்விறாந்தையைச் சுற்றிக்கொண்டு வந்து பெட்டியின் முன் நின்றார். நானும் சல்மா அக்காவும் கதவுக்கு உள்பக்கம் நின்றோம். திரை வெளிச்சமாகியது.

"வாங்கோ. இதில நிண்டு ஆறுதலாப் பாருங்கோ," என்றது அவருடைய குரல். "இண்டைக்கு இரவு தங்க ஒரு இடம் வேணுமோ?"

அவர் இரண்டு அடி பின்னால் போனார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இப்பிடியே நான் கதைக்கிறனான்?"

"இதைவிட வடிவாக் கதைப்பீங்கள்," என்றேன்.

மழை விழத் தொடங்கியது. தூறல் இல்லை, மாரி மழையேதான். ஒழுங்கையின் தகரங்கள் எல்லாம் ஒன்றாய் இரைந்தன. பெட்டி கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டுத் திரும்பக் கேட்டது. "இண்டைக்கு இரவு தங்க ஒரு இடம் வேணுமோ?" அதே நிதானம். ஒரு துளி அவசரம் இல்லை.

"விடாது போல," என்றார் அம்மா.

"பதில் சொன்னாத்தான் அடுத்ததுக்குப் போகும்."

சிரிப்பு அவர் முகத்தில் இருந்து மெல்ல மெல்லப் போனது. மழையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் போனால் தடுக்க எனக்கு ஒரு உரிமையும் இல்லை. மூன்றாந்தரமும் குரல் கேட்டது. மன்னாரில் இத்தனை மாதமாக அவரிடம் எத்தனையோ பேர் என்னென்னவோ கேட்டிருப்பார்கள். இதை இப்படிக் கேட்டது அவருடைய சொந்தக் குரல் மட்டும்தான். அவர் தோளில் இருந்த பையை இறக்கிக் காலடியில் வைத்தார். விரலைச் சேலையில் துடைத்தார். "ஓம்" என்று எழுதியிருந்த இடத்தில் வைத்து அழுத்தினார்.

"தனியவோ, கூட ஆரும் இருக்கினமோ?"

அழுத்தினார்.

"பேர் சொல்ல விருப்பமோ? விருப்பமில்லாட்டிப் பரவாயில்லை."

விருப்பமில்லை என்பதற்கும் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அதைத் தொடாமல், நெடுநாள் சிநேகிதியின் காதில் சொல்வது போலக் குனிந்து, "சிவலட்சுமி," என்றார். பிறகு, கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். "இலுப்பைக்கடவை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் பிறந்ததும் இன்றைக்கும் பஸ் ஏறிப் போவதும் இலுப்பைக்கடவைக்குத்தான். எந்தப் பக்கம், ஆரின்ர ஆக்கள் என்று வாயின் நுனிவரை வந்துவிட்டது. அம்மாவின் வயது இருக்கும், அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், ஒரே பள்ளிக்கூடமாய்க்கூட இருக்கும். சல்மா அக்காவின் வருத்தம் எனக்கும் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அக்கா பக்கத்தில் நின்று என் கையை நோகும்படி இறுக்கிப் பிடித்தார். அவருடைய கை முழுக்க வெங்காய மணம்.

பெட்டி அடுத்த கேள்விக்குப் போனது. கட்டில்களுக்கு இலக்கம் வேண்டாம் என்று நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வைத்திருந்தேன். திரை நிறைய அவை விரிந்தன. நண்டு, தோணி, பனங்காய், திருக்கை, சங்கு. "எந்தக் கட்டில் விருப்பம்? பாத்து எடுங்கோ," என்றது சிவலட்சுமியின் குரல். சிவலட்சுமி மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மழைச்சாரல் முதுகில் அடிப்பதைக்கூடக் கவனிக்காமல், சந்தையில் நல்ல மீன் தெரிந்தெடுக்கிறவரைப்போல ஒவ்வொரு படமாய் விரலைக் கொண்டுபோய், தொடாமல், அடுத்ததற்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.